எண்ணப்படாத பிள்ளைகள்

(பௌர்ணமி உபோசத நாளில் ஆற்றிய அறவுரை)





நம் தமிழில் ‘எண்ணுதல்’ என்றொரு சொல் உண்டு. ஒன்று, இரண்டு என்று கணக்கிடுவதும் எண்ணுதல். ஒருவரை மனத்தில் கொண்டு நினைப்பதும் எண்ணுதல். இவ்விரு செயல்களுக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருப்பது ஆராயத்தக்கது. எவனைக் கணக்கில் சேர்க்க மறந்தோமோ அவனை நினைக்கவும் மறந்தோம் என்பதே அதில் அடங்கிய பொருள். இதை நமக்கு மற்றவர் விளக்கத் தேவையில்லை. பண்டிதர் அயோத்திதாசர் காலந்தொட்டுக் குடிமதிப்புக் கணக்கில் நம் பெயர் எப்படிப் பதியப்படுகிறது என்பதில் நம் சங்கத்தார் கண்ணுங் கருத்துமாய் இருந்து வந்திருக்கின்றனர். கணக்கில் இல்லாதவனுக்கு ஊரில் வழக்கில்லை என்பதை நாம் பட்டறிந்தவர்கள்.

அத்தகைய நாம் இன்று வேறு சிலருடைய கணக்கைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். வீடில்லாமல் தெருவிலும் இரயில் நிலையத்திலும் இரவைக் கழிக்கும் இளம் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர்கள் எத்தனை பேர்? அவர்களை எண்ணுவது எப்படி? அந்த எண்ணிக்கை பெருகாமல் தடுப்பது எப்படி? இவையே இன்றைய பொருள்.

சியால்தாவில் கண்டது

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நாங்கள் ஒன்பது பேர் புத்தகயைக்கு யாத்திரை சென்றோம். சென்னையிலிருந்து ஹவுரா சென்று இறங்கி, ஆற்றைக் கடந்து கல்கத்தா நகருள் புகுந்தோம். அந்நகரை இப்பொழுது கொல்கத்தா என்கிறோம். கல்லூரிச் சதுக்கத்தில் மகாபோதி சங்கத்தாரின் தர்மராஜிக விகாரையை வணங்கினோம். அநகாரிக தர்மபாலரின் உழைப்பால் எழுந்து 1920இல் திறக்கப்பெற்ற விகாரை அது. அன்றிரவு கயைக்கு வண்டியேறச் சியால்தா இரயில் நிலையம் சென்றோம்.

வண்டிக்கு நேரம் இருந்தது. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஒரு பையன் அருகே வந்து நின்றான். பதினாறு வயதிருக்கலாம். தோளில் பள்ளிக்கூடப் பை. எங்களை நோக்கி, “திருப்பூர்?” என்று ஒரே சொல்லைக் கேட்டான். எங்களுள் இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவருக்கு இந்தி தெரியும். அவர் வழியாகப் பேசினோம். பையனுடைய தந்தை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போனவராம். முதலில் பணமும் தொலைபேசி அழைப்பும் வந்தன. பிறகு இரண்டும் நின்றுபோயின. தாய் இறந்துவிட்டாள். சுந்தரவனப் பகுதியில் மாமன் வீட்டில் இருந்தான். அங்கே அடி பொறுக்காமல் துர்க்கா பூசைக் காலத்தில் கிளம்பி வந்துவிட்டான்.

“இரவில் எங்கே படுக்கிறாய்?” என்று கேட்டோம். கடைசி வண்டியில் கானிங் வரை போய், வண்டியிலேயே கிடந்து, விடியலில் முதல் வண்டியில் திரும்பி வருவானாம். “உனக்கு வீடு இல்லையா?” என்றதற்கு அவன் சொன்ன பதில் இன்றும் என் செவியில் நிற்கிறது. “வீடு இருக்கிறது. அங்கே போக முடியாது” என்றான்.

நாங்கள் என்ன செய்தோம்? எங்களிடமிருந்த ரொட்டியையும் பழத்தையும் கொடுத்தோம். திருப்பூர் மிகப் பெரிய ஊர் என்றும், பெயரைக் கொண்டு மட்டும் ஒருவரைத் தேட இயலாதென்றும் சொன்னோம். வண்டி வந்தது, ஏறிவிட்டோம். மறுநாள் போதி மரத்தின் கீழ் கண்மூடி அமர்ந்தபொழுது அந்தப் பையனே என் முன் நின்றான். வணங்கச் சென்ற கருணையைச் சியால்தாவில் விட்டுவிட்டு வந்தேனோ என்று நெஞ்சு சுட்டது. அந்தச் சுடுதலே இன்று என்னைப் பேச வைக்கிறது.

ஆபுத்திரனும் வீடில்லாதவனே

மணிமேகலைக் காப்பியத்தை நாம் போற்றுகிறோம். அதில் வரும் அமுதசுரபியைப் பற்றிப் பேசாத மேடை நமக்கில்லை. ஆனால் அந்தப் பாத்திரத்தை முதன்முதல் கையில் ஏந்தியவன் யார்? பெற்ற தாய் தோட்டத்தில் விட்டுச் சென்ற குழந்தை அவன். ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. பிறகு இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான். பிள்ளை வளர்ந்தான். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவைக் கண்டு மனம் பொறாமல் இரவில் அவிழ்த்துக்கொண்டு போனான். பிடிபட்டான், அடிபட்டான், பிறப்பைச் சொல்லி இகழப்பட்டான். வளர்த்த தந்தையும் அவனை வீட்டைவிட்டு நீக்கினான்.

அவ்விளைஞன் மதுரை நகர் வந்து, சிந்தாதேவி கோயில் முன்னிருந்த அம்பலத்தில் தங்கினான். பகலில் வீடுதோறும் பிச்சை ஏற்று, குருடர், முடவர், நோயாளர், ஆதரவற்றோர் யாவரையும் கூவி அழைத்து உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்டு, பிச்சை ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கினான். அவன்தான் ஆபுத்திரன்.

அன்பர்களே, இக்கதையில் இரண்டு செய்திகள் உள்ளன. வீடுகள் குறைவாக இருந்ததால் ஆபுத்திரன் தெருவுக்கு வரவில்லை. வீட்டின் கதவு அவனுக்கு அடைக்கப்பட்டதால் வந்தான். இது முதற்செய்தி. ஊராரால் ஒதுக்கப்பட்ட அவனிடத்தில் ஊரையே உண்பிக்கும் அறம் இருந்தது என்பது இரண்டாவது செய்தி. தெருவில் கிடக்கும் பிள்ளையைக் காணுந்தோறும் இவ்விரண்டையும் நினைக்க வேண்டும்.

ஒருவர் இடைமறித்துக் கேட்கலாம்: “பகவான் புத்தரும் வீட்டைத் துறந்தவர்தாமே? வீடின்மை நமக்கு மேன்மையல்லவா?” அங்ஙனம் கொள்வது பிழை. சித்தார்த்தர் தாமே அறிந்து, வளர்ந்த வயதில், துக்கத்தின் வேரைத் தேடிப் புறப்பட்டார். துறவு வேறு, துரத்தப்படுதல் வேறு. துறந்த பிக்குவுக்குங்கூட உடை, உணவு, மருந்து என்பவற்றோடு உறைவிடமும் இன்றியமையாத நான்கனுள் ஒன்றென வைத்தார் ததாகதர். மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கவும் விதித்தார். இராகுலன் சிறு வயதில் சங்கத்தில் சேர்க்கப்பட்டபொழுது சுத்தோதனர் மனம் வெதும்பி வேண்டினார். அதனை ஏற்றுப் பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் சங்கத்தில் சேர்க்கலாகாது என்று பகவான் விதி செய்தார். வீட்டைவிட்டு ஒரு பிள்ளை வெளியேறுவது அத்துணை கனமான செயல் என்பது இதனால் விளங்கும்.

இனி, பகவான் காட்டிய நான்கு வாய்மைகளின் வழியே இத்துக்கத்தை ஆராய்வோம்.

முதல் வாய்மை: துக்கத்தை அளந்தறிதல்

வைத்தியன் முதலில் நோயை அறிய வேண்டும். நம் நாட்டில் வீடற்றோரைக் குடிமதிப்புக் கணக்கெடுப்பில் ஓர் இரவில் எண்ணுகின்றனர். 2011இல் பிப்ரவரி 28ஆம் நாள் இரவு அப்பணி நடந்தது. கூரையுள்ள கட்டிடத்தில் வாழாமல் நடைபாதை, சாலையோரம், பெருங்குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் கீழ், கோயில் வெளி, மண்டபம், இரயில் மேடை ஆகிய இடங்களில் வாழ்வோரை வீடற்றோர் என்று கொண்டனர். அவ்விரவு நாடு முழுவதும் எண்ணப்பட்டவர் 17,73,040 பேர். மேற்கு வங்காளத்தில் 1,34,040 பேர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 70,000 பேர், கொல்கத்தா நகரிலேயே இருந்தனர். 2001இல் நாடு முழுவதும் 19.43 லட்சமாக இருந்த தொகை குறைந்தது போலத் தோன்றினும், நகரங்களில் மட்டும் பார்த்தால் 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாக ஏறியிருந்தது.

இந்த எண்கள் வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2010இல் உச்ச நீதிமன்றம் பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் வீதம் அமைக்கப் பணித்தது. காப்பகம் எத்தனை, கம்பளி எத்தனை, சோறு எத்தனை என்பவை எண்ணிக்கையைப் பின்பற்றியே வருகின்றன. எண்ணப்படாதவனுக்குக் கம்பளியும் இல்லை.

கொல்கத்தாவின் நடைபாதைகளில் குடும்பம் குடும்பமாக வாழ்வோர் உளர். ஒரே நடைபாதையில் பாட்டி, மகள், பேத்தி என மூன்று தலைமுறை காண்பதும் உண்டு. அவர்களுக்கு ஓரிடம் உண்டு, அடுப்பு உண்டு, கணக்கெடுப்போர் தேடி வந்தால் காணலாம். தனியே வந்த இளைஞனை எங்கே காண்பது? அவன் ஒளிந்து வாழ்கிறான். போலீசார் பிடிப்பார்கள், தீயோர் சூழ்வார்கள் என்று அஞ்சுகிறான். ஓர் இரவு தேநீர்க் கடையின் பெஞ்சு. மறு இரவு பட்டறையின் மூலை. பின்னொரு நாள் நண்பன் வீட்டு மொட்டை மாடி. பெண் பிள்ளையாயின் இன்னும் ஆழமாக மறைகிறாள். அந்தச் சியால்தாப் பையனை எண்ணுங்கள். கணக்கெடுப்பவர் நள்ளிரவில் சியால்தா மேடைக்கு வந்தால் அவன் கானிங்கில் வண்டிக்குள் கிடப்பான். விடிந்தபின் வந்தால் பள்ளிப் பையுடன் நடக்கும் மாணவனாகத் தெரிவான்.

நம் பாபாசாகேப் அம்பேத்கர் வாழ்விலும் இதற்குச் சான்றுண்டு. 1917இல், 26ஆம் வயதில், அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிப் பரோடா சமஸ்தானத்தில் பணி ஏற்றார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் சில நாள் ஒதுங்கியிருந்தார். அவருடைய சாதி தெரிந்ததும் தடியேந்தியவர்கள் வந்து வெளியேறச் சொன்னார்கள். நண்பர் இருவரை நாடினார். அவர்களும் சாக்குச் சொன்னார்கள். பொதுப் பூங்காவில் பல மணி நேரம் அமர்ந்திருந்து, இரவு வண்டியேறிப் பம்பாய் திரும்பினார். அன்று பரோடாவில் வீடற்றோரை எண்ணியிருந்தால் அவர் கணக்கில் வந்திருப்பாரா? பகலில் பூங்காவில் அமர்ந்த கனவான். இரவில் இரயில் பயணி. அவர் வீடற்ற இளைஞர் என்பதை எந்தக் கணக்கனும் கண்டிருக்க மாட்டான். அவரே எழுதி வைத்ததால் நாம் அறிந்தோம்.

செல்வ நாடான அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஓர் இரவில் வீடற்றோரை எண்ணுவது வழக்கம். அவ்வகையில் துணையின்றி இருக்கும் இளையோர் சில பதினாயிரவர் என்று கணக்கு வரும். சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சேப்பின் ஹால் ஆராய்ச்சி நிலையத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில் வேறு முறையைக் கையாண்டனர். தெருவில் தேடுவதற்கு மாறாக, இல்லங்களில் உள்ளோரைத் தொலைபேசியில் அழைத்து, கடந்த பன்னிரண்டு மாதத்துள் இளையோர் எவரேனும் வீடின்றித் தவித்ததுண்டா என்று கேட்டனர். 18 முதல் 25 வயது வரையுள்ளோரில் பத்தில் ஒருவர், 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் முப்பதில் ஒருவர், ஆக 42 லட்சம் பேர் என்று தெரியவந்தது! ஓர் இரவைக் கேட்டால் ஆயிரக்கணக்கு. ஓர் ஆண்டைக் கேட்டால் லட்சக்கணக்கு. தெருவில் தேடுகிறவர் காணாத பிள்ளையை வீட்டில் கேட்கிறவர் காண்கிறார். இதுவே நான் இன்று வலியுறுத்த வந்த கருத்து.

இரண்டாம் வாய்மை: துக்கத்தின் காரணம்

காரணமின்றிக் காரியமில்லை. சியால்தாவின் வரலாறே இதைக் கூறும். 1947இல் நாடு பிரிந்தபின் கிழக்கு வங்காளத்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்து இறங்கிய நிலையம் அது. குடும்பங்கள் மேடையிலேயே மாதக்கணக்கில் கிடந்தன. பிள்ளைகள் மேடையிலேயே பிறந்தன. பின்னர்ப் புயல்கள் வந்தன. 2009 மே மாதத்தில் ஐலாப் புயலும், 2020 மே மாதத்தில் அம்பன் புயலும் சுந்தரவனத்தின் கரைகளை உடைத்து வயலில் உப்பு நீரைப் புகுத்தின. உப்பேறிய நிலத்தில் நெல் விளையாது. தந்தையர் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் கூலிக்குச் சென்றனர். பிள்ளைகள் மாமன் வீட்டிலும் சிற்றப்பன் வீட்டிலும் ஒட்டிக்கொண்டனர்.

ஆயினும் புயல் வீசிய வீட்டுப் பிள்ளைகள் யாவரும் தெருவுக்கு வந்துவிடவில்லை. புயல் கூரையைப் பறிக்கிறது. பிள்ளையைத் தெருவில் தள்ளுவது பெரும்பாலும் மனிதனின் கையும் நாவும். இரயில்வே பாதுகாப்புப் படையினர் 2018 முதல் 2024 மே வரை நாடெங்கும் இரயில் நிலையங்களில் 84,119 பிள்ளைகளை மீட்டதாக அரசு தெரிவித்தது. அவர்களுள் வீட்டைவிட்டு ஓடிவந்தவர்களே மிகுதி. அடி, குடி, மாற்றாந்தாய்க் கொடுமை, தேர்வில் தோல்வி, விரும்பாத மணம், விரும்பிய மணத்துக்குத் தடை, இவையே காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. அநாதை இல்லங்களில் வளர்ந்த பிள்ளை 18 வயது நிறைந்ததும் வெளியே வர நேர்கிறது. பிறந்த நாளன்று மற்றப் பிள்ளைக்கு இனிப்பு, அவனுக்குப் பெட்டி. 21 வயது வரை அவனுக்குத் துணை செய்யலாம் என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வழி வகுத்துள்ளது. வழி இருப்பதை அறிந்து கேட்பார் இல்லாவிடின் அது ஏட்டிலேயே கிடக்கும்.

இங்கே நான் பிறரைக் குற்றம் கூறி என்னை மறைப்பேனாயின் நான்காம் சீலத்தை மீறியவன் ஆவேன்.

நான் இளவயதிலேயே பஞ்சாலையில் புகுந்தவன். ஆலை மூடியபின் பல தொழில் செய்து, இரவில் தம்ம நூல்களைக் கற்று, உங்கள் முன் நிற்கும் தகுதியைப் பெற்றேன். நான் இழந்த படிப்பை என் மகன் பெற வேண்டும் என்று விரும்பினேன். 2014ஆம் ஆண்டு, அவனுக்கு 19 வயது. கல்லூரியை நிறுத்திவிட்டதாகச் சொன்னான். சினத்தால், “இனி இந்த வீட்டில் உனக்கு இடமில்லை” என்றேன். அவன் ஒரு சொல்லும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இருபத்து மூன்று இரவுகள் வரவில்லை. அந்நாட்களில் நான் இரண்டு கூட்டங்களில் பேசினேன். அவற்றுள் ஒன்றின் பொருள் மைத்திரி! என் மனைவி இரவுதோறும் அவன் தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைப்பாள்; விடிந்ததும் ஒன்றும் பேசாமல் எடுத்து நீர் ஊற்றுவாள். நான் அதைப் பார்த்தும் பாராதவன் போல் இருந்தேன்.

ஒரு மாலை பக்கத்து வீட்டு மூதாட்டி என்னைக் கேட்டார்: “தம்பி, உன் வீட்டில் எத்தனை பேர்?” நான், “நால்வர், அம்மா” என்றேன். “இன்றிரவு எத்தனை பேர் படுக்கிறீர்கள்?” என்றார். எனக்கு வாய் எழவில்லை. அன்றிரவே தேடப் புறப்பட்டேன். லேத் பட்டறையொன்றில் இரும்புத் தூளின் நடுவே சாக்கை விரித்துப் படுத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். “வா, அப்பா” என்றேன். வந்தான். அவன் இன்று நல்ல தொழிலாளி. அவனுக்கும் குழந்தை உண்டு. ஆயினும் அந்த இருபத்து மூன்று இரவுகளும் என் கணக்கில் இன்னும் கழியவில்லை.

அன்பர்களே, அந்த மூதாட்டி நம் சமயத்தவர் அல்லர், எழுத்தறியாதவர். ஆனால் எந்த ஆராய்ச்சியாளரும் வகுக்கத்தக்க அளவுகோலை அவர் இரண்டு கேள்விகளில் வகுத்துவிட்டார். வீட்டில் எத்தனை பேர்? இன்றிரவு எத்தனை பேர்? முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழியுங்கள். மீதமே தெருவில் இருக்கும் பிள்ளை.

மூன்றாம் வாய்மை: இத்துக்கம் தீரக்கூடியது

“உலகம் உள்ளவரை இது இருக்கும்” என்போர் உண்டு. அது தம்மத்துக்கு மாறான சொல். காரணத்தால் வந்தது காரணம் நீங்கத் தீரும்.

அதே சியால்தாவுக்கு அருகில் லொரெட்டோ பகற்பள்ளி என்னும் கிறித்தவப் பெண்கள் பள்ளி உள்ளது. அயர்லாந்திலிருந்து வந்த சகோதரி சிரில் மூனி என்னும் அம்மையார் 1979 முதல் அதன் தலைமையாசிரியராய் இருந்தார். கட்டணம் செலுத்தும் பிள்ளைகளோடு ஏழைப் பிள்ளைகளையும் பெருந்தொகையாகச் சேர்த்தார். 1985இல் நடைபாதைச் சிறுமிகளுக்காகப் பள்ளியின் கதவைத் திறந்து ‘வானவில்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளி மாணவியரே அச்சிறுமிகளுக்கு ஒருவருக்கொருவராக இருந்து பாடம் சொல்லிக் கொடுத்தனர். இரவில் பாதுகாப்பில்லாத சிறுமிகள் பள்ளியிலேயே தங்கினர். புதிய மாளிகை எழுப்பித்தான் இடம் தர வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மாலையில் ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் கட்டிடத்தையே இல்லமாக்கினார். அவர் 2023இல் மறைந்தார். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையின் வழியில் சென்றவர் என்று அவரைச் சொல்லத் தகும். அறம் எவரிடத்திருப்பினும் அறமே.

ஆஸ்திரேலியாவில் ஜீலாங் என்னும் ஊரில் இன்னொரு முறையைக் கையாண்டனர். பிள்ளை தெருவுக்கு வந்தபின் தேடுவதை விடுத்து, பள்ளிக்கூடத்திலேயே எல்லா மாணவரையும் கேட்டனர்: வீட்டில் அச்சமின்றி இருக்கிறாயா? பெற்றோருடன் ஓயாத சண்டை உண்டா? அண்மையில் வீட்டைவிட்டுப் போனதுண்டா? விடைகளைக் கொண்டு எந்தப் பிள்ளை வாசற்படியில் நிற்கிறான் என்று அறிந்து, அவன் குடும்பத்தாரோடு பொறுமையாய்ப் பேசி உதவினர். சில ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் வீடிழக்கும் இளையோர் தொகை 40 விழுக்காடும், படிப்பை இடையில் நிறுத்துவோர் தொகை 20 விழுக்காடும் குறைந்தன. வெள்ளம் வந்தபின் ஓடம் தேடுவதினும் கரையில் கசிவு தோன்றும்போதே மண் இடுவது எளிதன்றோ?

நான்காம் வாய்மை: நாம் நடக்க வேண்டிய நெறி

பெரிய அரசாங்கம் செய்ய வேண்டியது பல. அதைக் கேட்டுப் பெறுவதும் நம் கடமை. ஆனால் நம் கைக்கு எட்டியதை இன்றே தொடங்கலாம்.

ஒன்று. ஒவ்வொரு பௌர்ணமியன்றும் நம் சங்கத்துக் குடும்பம் ஒவ்வொன்றும் அந்த மூதாட்டியின் இரு கேள்விகளையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். வேலைக்கும் படிப்புக்கும் சென்ற பிள்ளையானால் அவன் எங்கே உறங்குகிறான் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் மறுநாட் காலையே தேட வேண்டும். மானம் போகுமென்று மறைக்காமல் சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டு. சினம் மூண்ட வீட்டிலிருந்து பிள்ளை வெளியேறும் முதல் இரவே ஆபத்தான இரவு. அவ்விரவில் அவன் சென்று நிற்க ஒரு வாசல் வேண்டும். ஆலமரத்தடியோ இரயில் மேடையோ அவ்வாசலாகக் கூடாது. நம் விகாரையின் கூடம் இரவில் பூட்டித்தானே கிடக்கிறது? ஆண் பிள்ளையாயின் அங்கே மூத்த உபாசகர் துணையோடு தங்கட்டும். பெண் பிள்ளையாயின் நம்பத்தகுந்த உபாசிகை வீட்டில் தங்கட்டும். அன்றிரவே பெற்றோருக்குச் செய்தி போக வேண்டும். இராகுலனை முன்னிட்டுப் பகவான் செய்த விதியின் கருத்து இதுவே. ஆனால் அடித்துத் துன்புறுத்தும் வீடாயின் சமாதானம் பேசிப் பிள்ளையைத் திரும்பத் தள்ளிவிடாதீர்கள்.

மூன்று. 18 வயது நிறையாத பிள்ளை தனியே தவிப்பதைக் கண்டால் 1098 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழையுங்கள். 1996இல் மும்பையில் தொடங்கிய இவ்வுதவி இன்று நாடெங்கும் இரவும் பகலும் கிடைக்கிறது. அத்தகைய பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுசெல்ல வேண்டும் என்பது சட்டம். அன்று சியால்தாவில் எனக்கு இவ்வெண் தெரியாது. தெரிந்திருந்தால் ரொட்டியோடு நின்றிருக்க மாட்டேன். என் அறியாமையால் ஒருவன் இழந்ததை உங்கள் அறிவால் இன்னொருவன் பெறட்டும்.

நான்கு. 2021இல் நடந்திருக்க வேண்டிய குடிமதிப்புக் கணக்கு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அது எடுக்கப்படும் என்று அரசு 2025இல் அறிவித்தது. அக்கணக்கில் நம் சமயத்தின் பெயர் சரியாகப் பதிய வேண்டும் என்று நாம் உழைப்போம், உழைக்க வேண்டியதுதான். அத்தோடு நம் தெருவில், நம் சந்தையில், நம் பேருந்து நிலையத்தில் எந்த மூலையில் எந்தப் பிள்ளை படுக்கிறான் என்பதைக் கணக்கெடுப்பவருக்குச் சொல்லும் கடமையும் நமக்கு உண்டு. நம்மை எண்ணச் சொல்லும் உரிமை, பிறரை எண்ணும் கடமையோடு கூடியதே.

ஐந்து. நாவைக் காப்போம். “வெளியே போ” என்னும் சொல் இரண்டே சொல். அதைச் சொல்ல ஒரு நொடி போதும். திரும்ப எடுக்க இருபத்து மூன்று இரவுகள் எனக்குத் தேவைப்பட்டன. எத்தனையோ தந்தையர்க்கு ஆயுள் முழுவதும் போதவில்லை. நல்வாய்மை என்னும் மார்க்க உறுப்பு மேடைக்கு மட்டும் உரியதன்று, அடுப்படிக்கும் உரியது.

முடிவுரை

அந்தப் பையனை நான் மீண்டும் கண்டதில்லை. அவன் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. திருப்பூரில் அவன் தந்தை எங்கேனும் பனியன் துணி நடுவே நின்றுகொண்டிருக்கலாம். அவரும் ஒருவேளை எண்ணப்படாதவரே. வடநாட்டுத் தொழிலாளி என்று நாம் பொதுவாகச் சொல்லிக் கடந்து போகும் ஒவ்வொருவர்க்கும் ஊரில் ஒரு பிள்ளை உண்டு என்பதை இனியாவது நினைப்போம். நம் பக்கத்து வீட்டில் அத்தகையவர் குடியிருந்தால், “ஊரில் பிள்ளைகள் நலமா? பேசினீர்களா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கதவைத் திறந்து வைக்கலாம்.

ஆபுத்திரனுக்குத் தெய்வம் வந்து பாத்திரம் தந்ததாகக் காப்பியம் கூறுகிறது. நம் தெருப் பிள்ளைக்குத் தெய்வம் வரும் என்று நாம் காத்திருப்பது பௌத்தர்க்கு அழகன்று. நாமே செல்ல வேண்டும். செல்லுமுன் எண்ண வேண்டும். இன்று பௌர்ணமி. இக்கூட்டம் கலைந்து வீடு சேர்ந்ததும் விளக்கை அணைக்குமுன் எண்ணிப் பாருங்கள்: வீட்டில் எத்தனை பேர்? இன்றிரவு எத்தனை பேர்?

கணக்குச் சரியாயிருப்பின் நன்றி கூறி உறங்குங்கள். ஒன்று குறைந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுங்கள்.

எல்லா உயிர்களும் இடம் பெறுக. எல்லா உயிர்களும் இன்பம் பெறுக.

நமோ புத்தாய!